இருட்டறைக்காரனுக்கு இரண்டு நிமிடம்

எனக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள், டாக்டர்.
டீன் பேசிய பிறகு, பிரியாணிக்கு முன்னால்:
"அங்கமுத்து, எக்ஸ்ரே பிரிவு (ஓய்வு)."

நாற்பத்தோரு வருடம் என்றார் டீன்.
கட்டுரைகள் இத்தனை, மாணவர்கள் இத்தனை.
பித்தளைப் பட்டயத்தில்
கோகிலாம்பாள் மூப்பனாரில் ஓர் எழுத்தைக் காணோம்.
தடவிப் பார்த்துச் சிரித்தீர்கள்.
கப்பல் பதிவேட்டுக் குமாஸ்தா விழுங்கியது
இன்னும் செரிக்கவில்லை போலிருக்கிறது என்றீர்கள்
என் காதோடு.

அந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது.
சிவப்பு விளக்கு எரிகையில்
கதவை இடிக்காத ஒரே டாக்டர் நீங்கள்,
அது தெரியும்.
வெளியே பெஞ்சில் நோயாளியோடு உட்கார்ந்து
அவருடைய ஆடுகளை விசாரித்துக்கொண்டிருப்பீர்கள்
ஜூலு மொழியில்.
நாக்கைச் சொடுக்கும் எழுத்துகள்
முதல் வருடம் உங்களுக்கு வசப்படவில்லை.
வார்டே சிரித்தது.
நர்ஸ் தெம்பெகிலேயிடம் தாழ்வாரத்தில் நின்று
பாக்கு மெல்லுகிறவர்போல் பழகினீர்கள்.
"டோன்சா உமோயா", மூச்சை இழுங்கள்,
நீங்கள் சொல்லும்போது
சுவருக்கு இந்தப் பக்கம் நானும் இழுத்திருக்கிறேன்.

புது மாணவர்கள் வருவார்கள்.
காய்ச்சல், எடை, சளியில் கண்டது,
தண்ணீர்பட்ட பாடாய் ஒப்பிப்பார்கள்.
"பஸ்ஸுக்கு எவ்வளவு கொடுத்தார்?"
விழிப்பார்கள்.
"போய்க் கேட்டுவிட்டு வா.
இண்ட்வெட்வேயிலிருந்து எத்தனை வண்டி மாறினார்,
மழை பெய்தால் அந்தப் பாலம் மூழ்குமா,
ஆறு மாதம் இந்தக் காசை எங்கே புரட்டுவார்."
ஒருத்தன் முணுமுணுத்தான்,
டாக்டருக்குப் படிக்க வந்தோமா கண்டக்டருக்கா என்று.
இப்போது அவன்தான் டீன்.

மைக்கைப் பிடித்து வணக்கம் சொன்னேன்.
எட்டு மணி. மின்சாரம் போனது.
டர்பனில் அதுவும் நிகழ்ச்சி நிரலில் ஒன்று.
செத்த மைக்கைக் கீழே வைத்தேன்.
இருட்டு எனக்குப் பழகிய இடம்.
முன்வரிசையில் நீங்கள்,
உங்களுக்கு மட்டும் எட்டும் குரலில் சொன்னேன்.

எண்பத்தெட்டு ஜூன். மண்ட்லா செலே,
துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை சுமந்தவர்.
அவர் படத்தில் நீங்கள் ஒன்றும் காணவில்லை.
இருமல் மருந்தோடு அனுப்பினீர்கள்.
ஆகஸ்டில் ரத்தமாய்த் திரும்பி வந்தார்.
பிறகு எங்கும் போகவில்லை.

வருடா வருடம் முதல் வகுப்பில்
அந்தப் படத்தை ஜன்னலுக்கு நேரே பிடிப்பீர்கள்.
"வலப்பக்கம், மேலே, சாவித்துவாரம் அளவுக்கு.
இது நான் தவறவிட்டது."
வாசலோரம் நான் தட்டோடு நின்றிருப்பேன்.

டாக்டர், அந்தப் படமே மங்கல்.
டெவலப்பர் பழசு.
வெள்ளிக்கிழமை மாற்றியிருக்க வேண்டும்.
மகனுக்குப் பள்ளியில் ஓட்டப்பந்தயம்,
மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன்.
அவன் நான்காவதாக வந்தான்.

செலே இறந்த மறுநாள்
முதல்முறையாக என் கதவைத் தட்டினீர்கள்.
"மருந்துத் தண்ணீரை எப்போது மாற்றினாய்?"
நான் வாய் திறப்பதற்குள்,
"இன்றைக்கு மாற்றிவிடு."
அவ்வளவுதான்.
அதற்குப் பிறகு எத்தனை முதல் வகுப்புகள்!
அந்த "நான்" என்ற சொல்லை மட்டும்
நீங்கள் மாற்றவேயில்லை.

அந்தப் படத்தை எனக்குக் கொடுங்கள்.
ஜனவரியில் நான் பிடித்துக்காட்டுகிறேன்.
கை நடுங்கும், பரவாயில்லை,
ஜன்னலில் சாய்த்துக்கொள்கிறேன்.

ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் வந்தன.
கேட்காத பேச்சுக்குக் கூட்டம் கைதட்டியது.
மேஜையில் நெய்வாசனை.
நீங்கள் கைதட்டவில்லை.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப்
புடவைத் தலைப்பால் வெகுநேரம் துடைத்தீர்கள்.

"வகுப்பு காலை ஏழு மணிக்கு, அங்கமுத்து.
மெரிபேங்கிலிருந்து எவ்வளவு ஆகும்?"

பதினெட்டு ராண்ட் என்றேன்.
இரண்டு வண்டி மாற வேண்டும்.